நல்ல ஸ்கேட்டிங் கோச்சை எப்படி அடையாளம் காண்பது? பிரையன் ஓர்சரைப் பார்த்து நான் கற்றவை

"அண்ணை, உங்கட மகளுக்குப் பழக்கிற கோச் ஆர்? எங்கட பிள்ளைக்கும் நல்ல ஒருத்தரைச் சொல்லுங்கோ."

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஐஸ் ரிங்க் ஓரத்தில் குளிர் ஜாக்கெட்டோடு காத்து நிற்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவது லேசு. ஆனால் என் மகளுக்குப் பொருந்திய கோச் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துவார் என்றில்லை. அதனால் நான், ஐஸில் தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒருகாலத்தில் உலக சாம்பியனாக இருந்து பிறகு கோச் ஆன கனடாக்காரர் பிரையன் ஓர்சரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன்.

அவரோடு எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது. அவர் பயிற்சி கொடுக்கும் ரொறன்ரோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கேர்லிங் கிளப் வில்சன் அவென்யூவில் இருக்கும் ஒரு தனியார் கிளப். என் மகள் அங்கே பழகியவள் அல்ல. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்குமே தெரியாத ஒரு விளையாட்டுக்குள் பிள்ளை காலை வைத்தபோது, அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. இதே ஊரில் இருந்துகொண்டு ஒலிம்பிக் சாம்பியன்களை உருவாக்கும் ஒருவரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் விளங்கும் என்று நினைத்தேன். விளங்கியது.

ஓர்சர் 1961ல் ஒன்ராறியோ மாகாணத்தின் பெல்வில்லில் பிறந்தவர். வளர்ந்தது பெனெடாங்கிஷீன் என்ற சிறிய ஊரில். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரிலியாவில் டக் லீ என்ற ஒரே கோச்சிடம் பழகித்தான் உலக மட்டத்துக்கு வந்தார். 1981 முதல் 1988 வரை தொடர்ந்து எட்டு முறை கனடா சாம்பியன். ட்ரிபிள் அக்சல் என்ற தாவல், முன்பக்கம் பார்த்தபடி எழும்பி, காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக இறங்குவது. அதை ஒலிம்பிக்கில் முதன்முதல் செய்து காட்டியவர் அவர்தான், 1984ல், சரயேவோவில்.

அந்த ஒலிம்பிக்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய ஆட்டத்தில் ஓர்சர் முதலிடம். ஃப்ரீ புரோகிராம் என்ற நீண்ட ஆட்டத்திலும் முதலிடம். ஆனாலும் தங்கம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மொத்த மதிப்பீட்டில் 30 சதவீதம் கட்டாய வடிவங்களுக்குப் போகும். எட்டு என்ற எண்ணைப் போன்ற வட்டங்களை ஒற்றைக் காலில் ஐஸில் வரையவேண்டும். வரைந்த கோட்டின்மேலேயே திரும்பத் திரும்ப போகவேண்டும். நடுவர்கள் ஐஸுக்குக் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். அதில் ஓர்சர் ஏழாவது இடம். அமெரிக்கரான ஸ்கொட் ஹமில்டன் வடிவங்களில் முதலிடம், மற்ற இரண்டிலும் இரண்டாமிடம். தங்கம் ஹமில்டனுக்கு, வெள்ளி ஓர்சருக்கு.

கட்டாய வடிவங்களை 1990க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கோடு எங்கேயும் போய்விடவில்லை என்பதை என் மகளின் கோச்தான் எனக்குக் காட்டினார். ஒரு நாள் காலை, ரிங்க் இயந்திரம் ஐஸை வழித்துச் சமப்படுத்திவிட்டுப் போன கையோடு, மகளை ஒற்றைக் காலில் ஒரு அரைவட்டம் போகச் சொன்னார். பிறகு கூட்டிக்கொண்டு வந்து அவள் போன தடத்தைக் காட்டினார். தொடக்கத்தில் மெல்லிய இரண்டு கோடுகள் அருகருகே ஓடின. நடுவில் அவை ஒன்றாகின. முடிவில் மறுபடியும் இரண்டு.

ஸ்கேட்டின் ப்ளேட் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளத்துக்கு ஒரு பள்ளம், அதன் இருபுறமும் இரண்டு கூரான விளிம்புகள். இவற்றைத்தான் எட்ஜ் என்கிறார்கள். உடம்பு சாயாமல் நேராக நின்றால் இரண்டு எட்ஜும் ஐஸைத் தொடும், இரண்டு கோடு விழும். ஒரு பக்கம் நம்பிச் சாய்ந்தால் ஒரே கோடு. ஒரே கோடாகப் போகும் பிள்ளைக்குத்தான் வேகமும் வரும், வளைவும் வரும், தாவலுக்கு எழும்பும் பலமும் வரும். "இந்த நடுப்பகுதி மாதிரி முழுக்க வரட்டும், அப்புறம் ஜம்ப்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். கோச்சைத் தேடும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாரா, கால்களைப் பார்க்கிறாரா, ஐஸில் விழுந்த தடத்தையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

எட்ஜ் என்று வந்ததால் சப்பாத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கவேண்டாம். குதிகால் சப்பாத்துக்குள் எழும்பினால் எந்த எட்ஜிலும் நிற்க முடியாது. லேஸைப் பாதத்தின் முன்பக்கத்தில் கொஞ்சம் இளக்கமாக விட்டு, கணுக்கால் மடியும் இடத்தில் நன்றாக இறுக்கி, மேலே முழங்காலை வளைக்க இடம் விட்டுக் கட்டவேண்டும். மேலே வரைக்கும் இறுக்கிக் கட்டினால் பிள்ளை மரக்கால் கட்டியதுபோல நிமிர்ந்தே நிற்கும். ப்ளேட் தீட்டும் கடையில் ஃபிகர் ஸ்கேட் தீட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஹொக்கி ப்ளேட்டைப் போலத் தீட்டி, முன்நுனியில் இருக்கும் பற்களையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் அந்த ப்ளேட் பழுதுதான்.

சரி, ஓர்சரிடம் திரும்புவோம். 1987ல் சின்சினாட்டியில் அவர் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் சொந்த நாட்டிலேயே, கல்கரியில். தொடக்க விழாவில் கனடாக் கொடியை ஏந்தி வந்தவரும் அவர். எதிரே அமெரிக்காவின் பிரையன் பொய்டானோ. இரண்டு பிரையன்களின் மோதல் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பொய்டானோ முதலில் ஆடி முடித்தார், பிழையே இல்லாமல். ஓர்சர் ஒரு தாவலில் சற்றுத் தடுமாறினார். கடைசிப் பகுதியில் செய்யவிருந்த இரண்டாவது ட்ரிபிள் அக்சலை மூன்றரைச் சுற்றாக இல்லாமல் இரண்டரையாகக் குறைத்துக்கொண்டார். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் பொய்டானோவுக்கு, நான்கு பேர் ஓர்சருக்கு. மறுபடியும் வெள்ளி. அந்த நிகழ்ச்சியின் ஒளிப்பதிவை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு நாடே தங்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அதன் நடுவில் தனியாக நிற்பது எப்படியிருக்கும் என்பது அவருக்கு உடம்பால் தெரியும். பின்னாளில் அவருடைய மாணவர்களுக்கு இந்த அறிவு எவ்வளவு உதவியது என்று நினைத்தால், அந்த வெள்ளியை வெறும் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் தொழில்முறை ஐஸ் நிகழ்ச்சிகளில் ஆடினார். 2000களின் நடுவில் ட்ரேசி வில்சனோடு சேர்ந்து கிரிக்கெட் கிளப்பின் ஸ்கேட்டிங் பொறுப்பை ஏற்றார். ட்ரேசியும் 1988 கல்கரியில் ஐஸ் நடனத்தில் வெண்கலம் வென்றவர். 2006ல் டேவிட் வில்சன் என்ற நடன அமைப்பாளரிடம் நிகழ்ச்சி அமைத்துக்கொள்ளத் தென் கொரியாவிலிருந்து ஒரு பெண் ரொறன்ரோவுக்கு வந்தார். யூனா கிம். திறமை கொட்டிக் கிடந்தது. ஆனால் சரியாகப் பொருந்தாத பூட்ஸும் முதுகுவலியும் அவரைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தன. 2007ல் ஓர்சர் அவருக்கு முழுநேர கோச் ஆனார். சாம்பியன் கோச்சாக அவருடைய வாழ்க்கை தொடங்கியது அங்கேதான்.

2009 உலகப் போட்டியில் யூனா 207.71 புள்ளி எடுத்தார். பெண்கள் பிரிவில் 200ஐத் தாண்டிய முதல் ஆள். 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் 228.56. இரண்டாவதாக வந்த ஜப்பானின் மாவோ அசாதாவைவிட 23 புள்ளிக்கு மேல் அதிகம். யூனா மீது இருந்த அழுத்தம் கல்கரியில் ஓர்சர்மீது இருந்ததற்குக் குறைந்ததல்ல. அந்த ஒளிப்பதிவில் ரிங்க் ஓரத்தில் நிற்கும் ஓர்சரைப் பாருங்கள். யூனா தாவும்போதெல்லாம் அவரும் சேர்ந்து தரையிலிருந்து எழும்புகிறார், கை விரிக்கிறார், இறங்குகிறார். பிள்ளையின் நிகழ்ச்சியை அந்த அளவுக்கு மனப்பாடமாக வைத்திருக்கும் கோச் கிடைத்தால் விடாதீர்கள்.

அவருடைய கிளப்பில் என்னை மிகவும் கவர்ந்தது ஸ்ட்ரோக்கிங் வகுப்பு. தாவல் கிடையாது, சுழற்சி கிடையாது. வேகம் எடுப்பது, வளைவது, கால் மாற்றிக் குறுக்கே வைத்துப் போவது, முழங்காலை ஆழமாக மடிப்பது மட்டும். ட்ரேசி வில்சன் முன்னின்று நடத்துவார். உலக சாம்பியனும் கிளப்பின் சாதாரணப் பிள்ளையும் ஒரே வரிசையில் போவார்கள். பரதம் பழகிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை: தில்லானா ஆடுகிறவளும் தட்டடவை விட்டுவிடுவதில்லை. நம் ஊர் ரிங்க்குகளில் நான் பார்ப்பது வேறு. "என் மகள் அக்சல் போட்டுவிட்டாள், உங்கட மகள்?" என்று பெற்றோர் ஒப்பிடுவார்கள். கோச்சும் அதற்கு ஏற்றபடி அவசரப்படுவார். எட்ஜ் இல்லாமல் பிடித்த தாவல் இரண்டு சுற்று வரை போகும். மூன்றாவது சுற்றுக்கு உயரமும் வேகமும் கேட்கும்போது அது அங்கேயே நின்றுவிடும்.

2016ல் ஸ்கேட் கனடா என்ற சர்வதேசப் போட்டி ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் நடந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓர்சரின் மாணவர் யுசுரு ஹன்யூ வந்திருந்தார். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது: இரண்டு மூன்று உந்துதலில் அவர் ரிங்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடுகிறார், அதிலும் ப்ளேட் ஐஸைக் கீறும் சத்தம் ஏறக்குறையக் கேட்கவில்லை. மற்றச் சிலர் போகும்போது கரகரவென்று ஐஸ் சுரண்டும் சத்தம் மேலே எங்கள் இருக்கை வரை வந்தது. அன்றிலிருந்து மகள் பழகும்போது நான் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பேன். எட்ஜ் சரியாக இருக்கிறதா என்பது பாதிக்கு அதிலேயே தெரிந்துவிடும். ஸ்கேட்டிங் தெரியாத பெற்றோரும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஹன்யூ ஜப்பானின் செண்டாய் நகரைச் சேர்ந்தவர். 2011 மார்ச் நிலநடுக்கம் வந்தபோது அங்குள்ள ரிங்க்கில் பயிற்சியில் இருந்தவர். 2012ல் ரொறன்ரோவுக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டே ஸ்பெயினிலிருந்து ஹவியர் ஃபெர்னாண்டஸ் வந்து ஓர்சரிடம் சேர்ந்திருந்தார். ஒரே கோச், ஒரே ரிங்க், ஒரே தங்கத்துக்குப் போட்டியிடும் இரண்டு பேர். என்ன நடந்தது தெரியுமா? 2014ல் உலக சாம்பியன் ஹன்யூ. 2015, 2016 இரண்டிலும் ஃபெர்னாண்டஸ், இரண்டிலும் இரண்டாமிடம் ஹன்யூவுக்கு. 2017ல் மறுபடியும் ஹன்யூ. நான்கு வருடம் அந்தப் பட்டம் வெளியே போகவே இல்லை. ஹன்யூ 2014 சோச்சியிலும் 2018 பியோங்சாங்கிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் என்பது 1948லும் 1952லும் வென்ற டிக் பட்டனுக்குப் பிறகு அவர்தான்.

சோச்சியில் ஓர்சர் ஹன்யூவுக்காக ஜப்பான் ஜாக்கெட்டையும் ஃபெர்னாண்டஸுக்காக ஸ்பெயின் ஜாக்கெட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் எதிரே நிற்கும் பிள்ளையிடம் "நான் முழுதாக உன்னுடையவன்" என்று சொல்வது அது. அன்று ஹன்யூ தங்கம் வென்றார். ஃபெர்னாண்டஸ் விதி அனுமதித்ததைவிட ஒரு ட்ரிபிள் சால்கவ் (மூன்று சுற்றுத் தாவல்) கூடுதலாகச் செய்ய, அது கணக்கில் வராமல் போய், 1.18 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காவது ஆனார். ஒரே மாலையில் ஒரு மாணவனோடு சிரிக்கவும் இன்னொருவனோடு துக்கப்படவும் வேண்டியிருந்தது. ஃபெர்னாண்டஸ் கோச்சை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு உலக சாம்பியன், நான்கு ஆண்டு கழித்து பியோங்சாங்கில் வெண்கலம். அந்த உறவின் பலத்துக்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

உங்கள் ஊர்க் கிளப்பிலும் இதைக் கவனிக்கலாம். கோச்சின் மிகத் திறமையான மாணவியோடு அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கவேண்டாம், அது எல்லாருக்கும் லேசு. வகுப்பிலேயே தடுமாறுகிற பிள்ளையோடு எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். ஒரே வயதுப் போட்டிப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரிடம் இருந்தால், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிச் சிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓர்சரின் வாழ்க்கையில் எனக்கு இன்னும் மனம் ஒப்பாத ஒரு நிகழ்வும் உண்டு. 2014 நவம்பரில் ஷாங்காய் போட்டியில், நிகழ்ச்சிக்கு முந்தைய ஆறு நிமிடப் பயிற்சியில் ஹன்யூவும் சீனாவின் ஹான் யானும் முழு வேகத்தில் மோதி விழுந்தார்கள். ஹன்யூ தலையிலும் தாடையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஆடினார். ஐந்து முறை விழுந்து எழும்பி வெள்ளி வென்றார். வீரம் என்று கொண்டாடியவர்கள் நிறைய. ஆட விட்டிருக்கக்கூடாது என்று சொன்னவர்களும் நிறைய. நான் இரண்டாவது கட்சி. ஆட ஆசைப்படுவது பிள்ளையின் இயல்பு, நிறுத்துவது பெரியவர்களின் வேலை.

ஒன்ராறியோவில் இதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. 2013ல் ரக்பி விளையாடித் தலையில் அடிபட்டு இறந்த 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரால் 2018ல் வந்த ரோவன் சட்டம். 26 வயதுக்கு உட்பட்ட விளையாட்டுப் பிள்ளைகளும், சின்னப் பிள்ளைகளின் பெற்றோரும், கோச்சுகளும் ஆண்டுதோறும் மூளை அதிர்வு பற்றிய விவரங்களைப் படித்து உறுதி செய்யவேண்டும். அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே விலக்கவேண்டும், மருத்துவர் சொல்லும்வரை திரும்ப விடக்கூடாது. பதிவுப் படிவத்தோடு வரும் அந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேட்டிங்கைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான கான்ஸ்கேட் வகுப்பின் தொடக்க நிலைகளில் ஹொக்கி ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட்டை ஏற்கமாட்டார்கள், அது பின்தலையைக் காக்காது.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். வன்கூவர் தங்கத்துக்கு ஆறு மாதத்தில், 2010 ஆகஸ்டில், யூனாவும் ஓர்சரும் பிரிந்தார்கள். யார் யாரை விட்டது, எப்படிச் சொன்னார்கள் என்று இரு பக்கமும் பகிரங்கமாக மாறி மாறிப் பேசியது பார்க்கவே வருத்தமாக இருந்தது. அவ்வளவு உயரம் போன இருவருக்கே அப்படி என்றால் நமக்கு எம்மாத்திரம்? ஆகவே தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோச்சின் கட்டணம் வேறு, ஐஸ் நேரத்துக்கான கட்டணம் வேறு. போட்டிக்கும் தேர்வுக்கும் கோச் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம், பயணச் செலவை மாணவர்களிடையே பகிர்வதும் உண்டு. பாடத்தை நீங்கள் ரத்துச் செய்தால் பணம் உண்டா இல்லையா, நடன அமைப்பு யார் செலவு, இதெல்லாம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கோச்சை மாற்றுவதாக இருந்தால் முதலில் பழைய கோச்சிடம் நேரில் சொல்லி, பாக்கியைக் கொடுத்து முடியுங்கள். ரிங்க் உலகம் சின்னது, அதே ஐஸில் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்கவேண்டும்.

நாட்டின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடாவில் கோச் பதிவுபெற்றவரா என்றும் பாருங்கள். அந்தப் பதிவுக்குப் பயிற்சித் தகுதி, முதலுதவி, பின்னணிச் சோதனை எல்லாம் வேண்டும். மூடிய அறையில் பிள்ளையோடு கோச் தனியாக இருக்கக்கூடாது, இன்னொரு பெரியவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும். இதை விளக்கச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிக்கும் கோச் உங்களுக்கு வேண்டாம்.

வயதைப் பற்றியும் பலர் பதறுகிறார்கள், எட்டு வயதாகிவிட்டது, பிந்திவிட்டோமா என்று. 2018ல் ரஷ்யாவின் எவ்கெனியா மெத்வதேவா ஒலிம்பிக் வெள்ளியோடு ஓர்சரிடம் வந்தபோது அவருக்கு 18 வயது. தன் ஸ்கேட்டிங்கின் பல பகுதிகளைத் திரும்பப் பழகி, அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் வெண்கலம் எடுத்தார். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமும் 2022ல் உலகப் போட்டி, ஒலிம்பிக் மட்டத்து சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15லிருந்து படிப்படியாக 17க்கு உயர்த்த முடிவெடுத்தது. சின்ன உடம்பை அவசரமாகத் தாவ வைக்கும் போக்குக்கு அது ஒரு கடிவாளம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

முதல் பருவத்துக்குத் தனிக் கோச்சே தேவையில்லை. கான்ஸ்கேட் குழு வகுப்பில் சேருங்கள், குளிர்காலத்தில் ஸ்காபரோவின் ஆல்பர்ட் கம்பெல் சதுக்கத்தின் திறந்தவெளி ரிங்க்கில் காசில்லாமல் நிறையப் பழக விடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறு வேறு ரிங்க்குகளுக்குப் போய் ஓரத்தில் நின்று கோச்சுகளைப் பாருங்கள். இரண்டு மூன்று பேரைப் பிடித்துப்போனால் ஒவ்வொருவரிடமும் ஒரு சோதனைப் பாடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பாடம் முடிந்து காரில் ஏறியதும் பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன பழகினாய்?" என்று கேளுங்கள். "கோச் நல்லவர்" என்பதோடு பதில் நின்றால் இன்னொருவரையும் பாருங்கள். "இடது காலில் உள் எட்ஜில் நிற்கும்போது தோள் திரும்பிவிடுகிறதாம், அதைப் பிடித்து வைக்கச் சொன்னார்" என்று சொன்னால் அடுத்த வாரத்துக்கும் அவரிடமே நேரம் கேளுங்கள்.